‘நாரி நோகுது’ என்றால் விளங்கும் பிள்ளைகள்: ரொறன்ரோக் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோப் பெரும்பாகத்துக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மொழி, தாதியியல், சமூகசேவை, சட்ட உதவித் துறைகளை நடத்தும் மதிப்புக்குரியவர்களுக்கு,

வணக்கம்.

நான் ஸ்காபரோவில் வசிக்கிறேன். இருபது வருடங்களுக்கு மேலாகத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில் இருந்து வாயால் மொழிபெயர்த்துக் கொடுப்பது என் தொழில். ஆஸ்பத்திரி, நீதிமன்றம், அகதி விசாரணை, பள்ளிக்கூடத்துப் பெற்றோர் சந்திப்பு என்று எங்கிருந்தும் அழைப்பு வரும். இந்த மடலை வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். உங்கள் வகுப்புகளில் இருக்கும் எங்கள் பிள்ளைகளில் ஒருவரைக் கூப்பிட்டு, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். அவருக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வராமல் போகலாம். அப்படியென்றால் வேறு யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்லி, அவரைக் கேட்டுச் சொல்ல விடுங்கள். எந்த இடத்தில் தடுமாறுகிறார், எந்த இடத்தில் உங்களுக்கு ஒரு நொடியில் விளக்குகிறார் என்று பார்த்தால், நான் சொல்ல வருவதில் பாதி அங்கேயே தெரிந்துவிடும்.

என் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது விருப்பப் பாடமாகத் தமிழை எடுக்கப் போனாள். தொடக்க வகுப்பில், “உனக்குத்தான் வீட்டில் தமிழ் கதைப்பார்களே, இது ஒன்றுமே தெரியாதவர்களுக்கான வகுப்பு” என்று திருப்பிவிட்டார்கள். சரி, மேல் வகுப்புக்குப் போவோம் என்று போனால், ஒரு பந்தியைக் கொடுத்து வாசித்து, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். அவளால் முடியவில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நின்று, “அம்மா, எனக்குத் தமிழ் தெரியுமா, தெரியாதா?” என்று கேட்டாள். அவள் அதைக் கேட்டதே தமிழில்தான். பிறகு அவள் வேறொரு பாடத்தை எடுத்துக்கொண்டாள்.

அந்தக் கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. பத்து வருடங்களாக மற்றப் பெற்றோரிடமும் இதே கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் தெரியாதவர்களுக்கு ஒரு வாசல் வைத்திருக்கிறீர்கள். எல்லாம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. வீட்டில் மொழியைக் கேட்டு வளர்ந்து, எழுத்தில் நின்றுபோன பிள்ளைக்கு வாசல் இல்லை. ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளில் அநேகம் பேர் இந்த மூன்றாவது வகை.

இவர்களிடம் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன். குறை இருக்கும் இடத்தை யாரும் காட்டித் தருவார்கள்.

என் வேலையில் அடிக்கடி வரும் சொற்களையே எடுத்துக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருவர் டொக்டரிடம், “எனக்கு வருத்தம்” என்கிறார். தமிழ்நாட்டுத் தமிழில் மட்டும் பழகியவர் அதை மனக்கவலை என்று எடுத்துக்கொள்வார். ஆச்சி சொல்வது நோய். “நாரி நோகுது” என்றால் கீழ் முதுகு வலிக்கிறது. “சத்தி எடுத்தது” என்றால் வாந்தி. “கால் விறைக்குது” என்றால் கால் உணர்ச்சி இல்லாமல் மரத்துப்போகிறது. சீனி வருத்தம் உள்ள ஒருவர் அதைச் சொன்னால் டொக்டர் உடனே கவனிக்க வேண்டிய விஷயம். “அந்தரமாக் கிடக்கு” என்பதை ஒரே சொல்லில் ஆங்கிலத்துக்குக் கொண்டுவர எனக்கு இன்றைக்கும் தெரியாது. பதற்றம், நிலைகொள்ளாமை, மூச்சுக்குத் தவிப்பு எல்லாம் அதற்குள் இருக்கும். எந்த அகராதியை வைத்துப் படித்தாலும் இவற்றில் பாதி கிடைக்காது. அம்மம்மாவோடு ஒரே அறையில் படுத்து வளர்ந்த பத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு இவை தானாகத் தெரியும். குரல் எப்போது தாழ்கிறது, எந்தக் கேள்விக்கு ஆச்சி வெட்கப்பட்டு “ஒண்டுமில்லை” என்று மழுப்புகிறார் என்பதும் தெரியும். இதைப் புதிதாக ஒருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டுமென்றால் உங்களுக்கு எத்தனை வருடம் பிடிக்கும்?

எங்கள் ஆட்களே இதைச் ‘சமையலறைத் தமிழ்’ என்று குறைத்துச் சொல்கிறார்கள். வயதான ஒருவர் தன் உடம்பைப் பற்றிச் சொல்லும்போது பேசுவது அந்தத் தமிழைத்தான். மறதி நோய் வந்த முதியவர்களில் பலர் பின்னாளில் கற்ற ஆங்கிலத்தை முதலில் இழந்து, சிறுவயது மொழிக்கே திரும்பிவிடுவதை முதியோர் இல்லங்களில் கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கே வேலை செய்யும் ஒரு தமிழ்ப் பிள்ளை “அம்மம்மா, தேத்தண்ணி குடிக்கிறீங்களா?” என்று கேட்டவுடன் இரண்டு நாள் வாய் திறக்காத ஒருவர் திரும்பிப் பார்த்ததும் எனக்குத் தெரியும்.

இனி, இல்லாததைப் பற்றி. இந்தப் பிள்ளைகள் நாலு வயதில் ஜூனியர் கிண்டர்கார்டனுக்குப் போகிறார்கள். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு புதிய விஷயமும், கணக்கு, விஞ்ஞானம், சட்டம், அரசியல் எல்லாம், ஆங்கிலத்தில் வருகிறது. தமிழ் சாப்பாட்டு மேசையோடு நின்றுவிடுகிறது. உங்கள் நகரத்திலேயே, ஒன்ராறியோக் கல்வியியல் ஆய்வு நிறுவனத்தில் பல்லாண்டு பணியாற்றிய ஜிம் கம்மின்ஸ், அன்றாடம் கதைக்கும் மொழியும் படிப்புக்குரிய மொழியும் வேறு வேறு திறன்கள் என்று 1979 இலேயே பிரித்துக் காட்டினார். ஆங்கிலம் கற்கும் குடியேறிகளின் பிள்ளைகளைப் பற்றி எழுதும்போது அவர் அந்த வேறுபாட்டைச் சொன்னார். அதைத் திருப்பிப் பார்த்தால் எங்கள் பிள்ளைகளின் தமிழுக்கும் அப்படியே பொருந்தும். கதைக்கும் தமிழ் இருக்கிறது, படிப்புத் தமிழ் வளரவில்லை. தமிழில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. எங்கள் பேச்சும் எழுத்தும் இலக்கணத்திலேயே விலகி நிற்பவை. “போட்டினம்” என்று காதால் கேட்ட பிள்ளை “போய்விட்டார்கள்” என்று தாளில் பார்த்தால், அது தனக்குத் தெரிந்த சொல்தான் என்று கண்டுபிடிக்கவே நேரம் எடுக்கும்.

ஒன்ராறியோவில் மரபுமொழித் திட்டம் 1977 இல் தொடங்கியது. வாரத்துக்கு இரண்டரை மணிநேரம். பின்னாளில் பெயர் மாறினாலும் சனிக்கிழமை வகுப்புகள் இன்றும் நடக்கின்றன. உயர்தரப் பள்ளியில் தமிழ் படித்துப் புள்ளி எடுக்கவும் வழி இருக்கிறது. அந்த ஆசிரியர்கள் குளிரிலும் பனியிலும் வந்து படிப்பிக்கிறார்கள், அவர்களுக்கு நான் கடமைப்பட்டவள். ஆனால் வாரத்துக்கு இரண்டரை மணிநேரத்தில் ஒரு மொழியை வளர்ந்தவர்களின் மொழியாக ஆக்க முடியாது. எங்கள் சமூகத்துக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். பேச்சுப் போட்டி மேடையில் பிள்ளைகள் ஆங்கில எழுத்தில் எழுதி மனப்பாடம் செய்த செந்தமிழை ஒப்பிக்கிறார்கள், நாங்கள் கைதட்டுகிறோம். மேடையை விட்டு இறங்கிய அதே பிள்ளை அப்பாவின் மருந்துத் துண்டை வாசித்து விளக்கத் தெரியாமல் நிற்கிறது.

இந்தப் பிள்ளைகள் மொழிபெயர்ப்பு வேலையை ஏற்கனவே செய்து வந்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா? எட்டு வயதிலேயே தொடங்கிவிடுகிறார்கள். மின்கட்டணத் தாள், வாடகை ஒப்பந்தம், பள்ளிக்கூடத்திலிருந்து வரும் கடிதம், பிறகு ஆஸ்பத்திரி. ஒரு பயிற்சிப் பட்டறையில் சந்தித்த மாணவன், தன் தாயாருக்குப் புற்றுநோய் என்பதைப் பன்னிரண்டு வயதில் தானே தாயாருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்ததாகச் சொன்னான். ‘கட்டி’ என்று மட்டும் சொன்னானாம். மற்றதைச் சொல்ல வாய் வரவில்லை. ஏழு வருடத்துக்குப் பிறகும் அதைச் சொல்லும்போது கையைப் பிசைந்துகொண்டிருந்தான். தான் அன்றைக்குப் பிழை செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தான். அந்த அறையில் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்திருக்க வேண்டும், அது உன் வேலையே இல்லை என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. நான் கேட்கும் வகுப்பில் முதல் வாரம் அதைத்தான் சொல்ல வேண்டும்.

பிழையான மொழிபெயர்ப்பு என்ன செய்யும் என்பதை நீதிமன்றங்கள் எழுதியே வைத்திருக்கின்றன. கனடிய உரிமைச் சாசனத்தின் 14 ஆம் பிரிவு, வழக்கில் பேசப்படும் மொழி விளங்காத தரப்பினருக்கும் சாட்சிக்கும் மொழிபெயர்ப்பாளர் உதவியை உரிமையாகக் கொடுக்கிறது. 1994 இல் ட்ரான் என்ற வியட்நாமியர் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தரம் வகுத்தது. மொழிபெயர்ப்பு இடைவிடாமல், துல்லியமாக, பக்கம் சாராமல், திறமையுடன், பேசும் நேரத்திலேயே நடக்க வேண்டும். அந்த வழக்கில் மொழிபெயர்ப்பாளரே சாட்சிக் கூண்டிலும் ஏறி, கேள்வி பதில் முழுவதையும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குச் சொல்லாமல் சுருக்கி மட்டும் சொன்னார். அதனால் மறுவிசாரணைக்கு உத்தரவானது. இப்படிச் சுருக்கிச் சொல்வதுதான் வீட்டில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளின் முதல் பழக்கம். அம்மா பத்து வசனம் சொன்னால், “நோகுதாம்” என்று ஒன்றில் முடிப்பார்கள். வீட்டுக்கு அது போதும். தொழிலாக வரும்போது அதை மாற்றப் பழக்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

அகதி விசாரணையில் இன்னும் நுணுக்கம் வேண்டும். கனடாவில் அகதிக் கோரிக்கையாளருக்கு நேரில் விசாரிக்கப்படும் உரிமை 1985 இல் சிங் வழக்கில் உறுதியானது. அடுத்த வருடம் ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர்களை மீனவர்கள் கண்டெடுத்தார்கள். 2010 இல் ‘சன் சீ’ கப்பலில் 492 பேர் வந்தார்கள். இவர்களும், இவர்களுக்கு முன்னும் பின்னும் விமானத்தில் வந்த ஆயிரக்கணக்கானவர்களும், தங்கள் வாழ்க்கையை ஒரு மொழிபெயர்ப்பாளரின் வாயால்தான் சொன்னார்கள்.

எங்கள் பேச்சில் எழுவாயை விட்டுவிடுவது சாதாரணம். “வந்தவை, கேட்டவை, கூட்டிக்கொண்டு போட்டினம்.” யார் வந்தார்கள்? சொல்பவர் சொல்லவில்லை, சில வேளை பயத்தால் சொல்ல மாட்டார். மொழிபெயர்ப்பவர் நல்லெண்ணத்தில் ‘இராணுவம்’ என்று தானாகச் சேர்த்தால், எழுத்தில் கொடுத்த வாக்குமூலத்துக்கும் இதற்கும் முரண் வரும். அந்த முரணைக் காட்டி ஒருவரின் கதை முழுவதையும் நம்ப முடியாது என்று தீர்த்துவிடலாம். ‘பெடியள்’ என்றால் வெறும் பையன்களா, ஆயுதம் எடுத்தவர்களா என்பது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது. ‘தலையாட்டி’ என்ற சொல்லை எடுங்கள். இராணுவத்தின் சுற்றிவளைப்பில் முகத்தை மூடிக்கொண்டு நின்று, வரிசையில் வரும் ஆட்களைப் பார்த்துத் தலையசைத்துக் காட்டிக்கொடுப்பவர் அவர். அந்தச் சொல்லை ஆமாம் போடுபவர் என்று மொழிபெயர்த்தால் அந்த மனிதரின் அனுபவமே அறையிலிருந்து காணாமல் போய்விடும். எங்கள் பிள்ளைகளில் சிலருக்கு இந்தச் சொல் தெரியும். சிலரின் பெற்றோர் அந்த நாட்களைப் பற்றி வீட்டில் வாயே திறந்ததில்லை. பயிற்சிப் பட்டறையில் இதைப் படிக்கும்போது தங்கள் வீட்டு மௌனத்தின் காரணமும் விளங்குகிறது என்று ஒரு மாணவி என்னிடம் அழுதபடி சொன்னாள். அந்த அழுகையைத் தாங்கக்கூடிய ஆசிரியர் அங்கே வேண்டும் என்பதையும் உங்களிடம் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

நான் கேட்பது தமிழையும் தொழிலையும் ஒரே அறையில் படிப்பிக்கும் ஒரு வகுப்பு. அரிச்சுவடியிலிருந்து வருடக்கணக்கில் ஏறி, கடைசியில் தொழிலுக்கு வருவது இவர்களுக்குப் பொருந்தாது, பாதியில் விட்டுவிடுவார்கள். முதல் நாளே ஆச்சியின் குரலைப் பதிவில் போட்டுக் கேட்கச் செய்யுங்கள். அவர் சொன்ன ‘சீனி வருத்தம்’ என்ற சொல்லிலிருந்து ‘நீரிழிவு’ என்ற எழுத்துச் சொல்லுக்கும், ஊரில் பழையவர்கள் சொல்லும் ‘சலரோகம்’ என்ற சொல்லுக்கும் போகட்டும். இலங்கைப் பாடநூலில் ‘சதையி’ என்று வருவதும் தமிழ்நாட்டில் ‘கணையம்’ என்பதும் ஒரே உறுப்புத்தான் என்று அறியட்டும். எழுத்து அப்படி வந்து சேரும்போது அவர்களுக்கு அது தேவைப்பட்ட சாமானாக இருக்கும். வீட்டுச் சொல்லைப் பிழை என்று சிவப்பு மையால் வெட்ட வேண்டாம். பக்கத்தில் இன்னொரு சொல்லை வைத்தால் போதும்.

சேர்க்கும்போது எழுத்துப் பரீட்சை வைக்காமல், பதினைந்து நிமிடம் ஆட்களோடு கதைத்துப் பாருங்கள். கேட்டு விளங்கும் அளவையும் எழுதும் அளவையும் தனித்தனியாகப் பதியுங்கள். இரண்டையும் கூட்டிச் சராசரி எடுத்தால் இரண்டுமே தெரியாமல் போய்விடும். இது நான் கண்டுபிடித்த புதுமை ஒன்றுமில்லை. அமெரிக்காவில் வீட்டில் ஸ்பானிய மொழி கேட்டு வளர்ந்த மாணவர்களுக்குப் பல பத்தாண்டுகளாகப் பல்கலைக்கழகங்களில் தனி வகுப்புகள் இருக்கின்றன, மருத்துவத் தொழிலுக்கென்ற ஸ்பானிய வகுப்புகளும் இருக்கின்றன. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்த மொழிக்கல்வி ஆய்வாளர் குவாடலூப்பே வால்டேஸ் இந்தப் பிள்ளைகளை வேற்றுமொழி கற்பவர்களிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதியிருக்கிறார்.

உங்கள் வளாகங்களில் இன்னொரு வளம் சும்மா கிடக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து படிக்க வந்த மாணவர்கள். அவர்களில் பலருக்குத் தமிழ் எழுத வாசிக்க நன்றாக வரும், ஆனால் ‘நாரி’ தெரியாது, இங்குள்ள ஆஸ்பத்திரி எப்படி இயங்குகிறது என்றும் தெரியாது. ஸ்காபரோப் பிள்ளைக்கு அவை இரண்டும் தெரியும், எழுத்துத்தான் இல்லை. இருவரையும் ஒரே மேசையில் இருத்துங்கள். ஆசிரியர் பாதி வேலை செய்தால் போதும்.

தொழிற்பயிற்சி என்று நான் சொல்வதில், ‘நான்’ என்று தன்மையிலேயே மொழிபெயர்ப்பது, குறிப்பெடுப்பது, கேட்டதை வெளியே சொல்லாமல் இருப்பது, ஆங்கிலப் படிவத்தைப் பார்த்தபடியே தமிழில் வாசிப்பது எல்லாம் அடங்கும். எல்லாவற்றிலும் கடினமானது, “இந்தச் சொல் எனக்கு விளங்கவில்லை, கேட்டுச் சொல்கிறேன்” என்று வெட்கப்படாமல் நிறுத்துவது. வீட்டில் எப்போதும் கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தவர்களுக்கு அது லேசில் வராது.

வேலை விண்ணப்பத்தைப் பற்றியும் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். இந்தப் பிள்ளைகள் தமிழ் தெரியும் என்பதை விண்ணப்பத்தில் எழுதவே கூச்சப்படுகிறார்கள், அல்லது ‘சரளம்’ என்று எழுதிவிட்டு நேர்முகத்தில் ஒரு கடிதத்தை நீட்டினால் முழிக்கிறார்கள். “முதியவர்களிடம் யாழ்ப்பாணப் பேச்சில் விவரம் கேட்டு ஆங்கிலப் படிவம் நிரப்புவேன், தமிழில் குறுஞ்செய்தி வாசிப்பேன், சட்ட ஆவணம் எழுத மாட்டேன்” என்று உள்ளதை உள்ளபடி எழுதக் கற்றால் முதலாளிக்கும் நல்லது, பிள்ளைக்கும் நல்லது. உங்கள் வேலைவாய்ப்பு ஆலோசகர்களில் எத்தனை பேருக்கு இதைப் பற்றிக் கேட்கத் தோன்றியிருக்கும்?

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி வாழ்வது கடினம். பெரும்பாலும் மணிக்கணக்குச் சம்பளம், ஒரு வாரம் ஓய்வில்லாமல் ஓடுவேன், அடுத்த வாரம் தொலைபேசி அடிக்காது. ஆகவே எல்லோரையும் மொழிபெயர்ப்பாளராக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. தாதி, பராமரிப்புப் பணியாளர், சட்ட எழுத்தர், வங்கி ஊழியர், சமூகசேவையாளர் ஆகப் போகும் பிள்ளையின் கையில் தமிழையும் ஒரு தொழிற்கருவியாகக் கொடுங்கள் என்று கேட்கிறேன். அதற்குப் புள்ளியும் சான்றிதழும் இருக்க வேண்டும். அப்படிப் படித்த ஒருவர் வேலையில் தமிழைப் பயன்படுத்தினால் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்றும் பயிற்சிக்கு அனுப்பும் நிறுவனங்களிடம் நீங்கள் பேசுங்கள். இன்றைக்கு வார்டில் ஒரு தமிழ்த் தாதி இருந்தால், தன் நோயாளிகளை விட்டுவிட்டு மற்ற அறைகளுக்கு ஓடிப்போய்ச் சும்மா மொழிபெயர்க்கிறார்.

ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகத்தில் தமிழ் இருக்கை, அதாவது தமிழ் ஆராய்ச்சிக்கென்ற ஒரு பேராசிரியர் பதவி, அமைக்க எங்கள் சமூகம் முன்நின்று 30 லட்சம் டொலர் சேர்த்தது. ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கொடுத்த ஆச்சிமாரை எனக்குத் தெரியும். ஆராய்ச்சிக்கு அது தேவை, அதில் எனக்குப் பெருமை. அந்த ஆச்சிமார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கும்போது பக்கத்தில் நின்று பேசிக்கொடுக்க ஒரு ஆளும் தேவை. அந்த ஆளை உருவாக்க இருக்கை வேண்டாம், ஒரு அறையும், வாரத்துக்கு இரண்டு மாலையும், பயிற்சிக்கு ஒத்துக்கொள்ளும் ஒரு ஆஸ்பத்திரியும், சம்பளம் கொடுத்து அமர்த்திய ஒரு ஆசிரியரும் போதும். பன்னிரண்டு பிள்ளைகளோடு ஒரு தவணை நடத்திப் பாருங்கள். பஞ்சாபி, டாரி, சோமாலி கதைக்கும் பிள்ளைகளும் உங்கள் வகுப்புகளில் இதே நிலையில் இருக்கிறார்கள், வழி திறந்தால் அவர்களும் வருவார்கள்.

என்னிடம் நாலு கொப்பிகள் இருக்கின்றன. இருபது வருடமாக ஒவ்வொரு வேலை முடிந்தும் காருக்குள் இருந்து, அன்றைக்கு என்னைத் தடுமாற வைத்த சொற்களை அவற்றில் எழுதி வந்திருக்கிறேன். ஆட்களின் பெயரோ கதையோ அவற்றில் இல்லை, சொற்கள் மட்டும்தான். மூன்றாவது கொப்பியில் என் மகளின் கையெழுத்தும் இருக்கிறது. வாசல் கிடைக்காமல் திரும்பி வந்த அந்தக் குளிர்காலத்தில், நான் சொல்லச் சொல்ல அவள் முதலில் ஆங்கில எழுத்தில் எழுதினாள், மாசி மாதமளவில் தமிழில் எழுதத் தொடங்கினாள். வகுப்பைத் தொடங்குவதென்றால் நாலையும் கொண்டுவந்து தருகிறேன். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
ஸ்காபரோவிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்